மேக்ஸிமத்தைக் கூட்டியும் போர்ட் எர்-டிஸேபிள் ஆகிறது, உதவி தேவை

நீலக்கேபிள்:
வணக்கம். சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 சுவிட்ச். போர்ட்டுக்கு ஒரு ஐபி போன், அதன் பின்னால் ஒரு லேப்டாப். மேக் (கருவியின் வன்பொருள் முகவரி) பார்த்து அனுமதிக்கும் போர்ட் செக்யூரிட்டியில் ஸ்டிக்கி (கற்ற மேக்கைக் கான்ஃபிகில் பதித்துவைப்பது), மேக்ஸிமம் 3 (எத்தனை மேக் வரலாம்), வயலேஷன் ஷட்டவுன் (மீறினால் போர்ட்டை அடைப்பது). இவ்வளவு நாள் ஒழுங்காக ஓடியது. இப்போது 7ஆம் போர்ட் மட்டும் எர்-டிஸேபிள் ஆகி (சுவிட்சே அடைத்து) விழுகிறது. ஷட், நோ ஷட் (போர்ட்டை அணைத்துப் போடுவது) கொடுத்தால் எழுகிறது. லேப்டாப்பைச் செருகியதும் மறுபடி எர்-டிஸேபிள். மேக்ஸிமத்தை 5 ஆக்கியும் அதே கதைதான். போர்ட்டே பழுதா?

அடுக்கு2:
பழுதாக இருக்காது. ஷோ போர்ட்-செக்யூரிட்டி இன்டர்ஃபேஸ் கொடுத்து, 'டோட்டல் மேக்', 'லாஸ்ட் சோர்ஸ் அட்ரஸ்' இரண்டையும் சொல்லுங்கள்.

நீலக்கேபிள்:
டோட்டல் 2. இரண்டுமே போனுடைய மேக்தான், டேட்டா விலானில் (விலான் என்பது சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) ஒன்று, வாய்ஸ் விலானில் ஒன்று. லாஸ்ட் சோர்ஸ் அட்ரஸ் 4712 என்று முடிகிறது, அது லேப்டாப்.

அடுக்கு2:
போன் பூட் ஆகும்போது வாய்ஸ் விலானைத் தெரிந்துகொள்ளும் முன் டேக் (எந்த விலான் என்று சொல்லும் குறி) இல்லாமல் பேசிவிடும், அதனால்தான் இரண்டு இடத்தில் வருகிறது. அது இருக்கட்டும். 2 தான் நிரம்பியிருக்கிறது என்றால் எல்லை தாண்டவே இல்லை. வயலேஷனுக்கு இன்னொரு காரணமும் உண்டு: ஒரு போர்ட்டில் செக்யூர் ஆன மேக், அதே விலானில் வேறொரு செக்யூர் போர்ட்டில் தலை காட்டினாலும் சுவிட்ச் அடைத்துவிடும். மேக்ஸிமத்தை 50 ஆக்கினாலும் பலன் இல்லை. ஷோ போர்ட்-செக்யூரிட்டி அட்ரஸ் கொடுத்து 4712 எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

நீலக்கேபிள்:
3ஆம் போர்ட்டில், செக்யூர்ஸ்டிக்கி! அந்த லேப்டாப்காரர் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்.

அடுக்கு2:
அதேதான். க்ளியர் போர்ட்-செக்யூரிட்டி ஸ்டிக்கி அட்ரஸ் என்று அந்த மேக்கைப் போட்டு நீக்குங்கள், அப்புறம் 7இல் ஷட், நோ ஷட். முடிந்ததும் ரைட் மெமரி கொடுத்துச் சேமியுங்கள். ஸ்டார்ட்அப் கான்ஃபிகில் (பூட் ஆகும்போது சுவிட்ச் படிக்கும் அமைப்பு) பழைய வரி கிடந்தால் ரீலோடு ஆனதும் திரும்ப வந்து நிற்கும்.

பாக்கெட்பிரியன்:
எர்-டிஸேபிள் ரெக்கவரியில் பிசெக்யூர்-வயலேஷன் (போர்ட் செக்யூரிட்டி மீறல்) என்ற காரணத்தைச் சேர்த்தால் 300 நொடியில் தானாக எழுமே?

அடுக்கு2:
எழும், உடனே விழும். 3இல் அந்த மேக் இருக்கும்வரை வீண். ஆட்கள் இடம் மாறும் பக்கத்தில் ஸ்டிக்கியே வேண்டாம் என்பது என் கருத்து. டைனமிக்காக விட்டு, ஏஜிங் டைம் 2, ஏஜிங் டைப் இன்ஆக்டிவிட்டி போடுங்கள்; 2 நிமிடம் பேசாத மேக் தானாக நீங்கிவிடும். ஏஜிங் அவசியம்: லேப்டாப்பைப் பிடுங்கினாலும் போன் இருப்பதால் லிங்க் விழாது, மேக் அங்கேயே தங்கிவிடும். ஷட்டவுனுக்குப் பதில் ரெஸ்ட்ரிக்ட் வைத்தால் அந்நிய மேக்கின் பாக்கெட்டை மட்டும் சுவிட்ச் கைவிடும், போன் ஓடும், லாகும் வரும். புரொடெக்ட் வேண்டாம், அது சத்தமே போடாது.

நீலக்கேபிள்:
3இல் நீக்கியதும் 7 நிலையாக நிற்கிறது. பிரிண்டர் போர்ட்டுகளில் மட்டும் ஸ்டிக்கி, மற்றதெல்லாம் ஏஜிங்கோடு ரெஸ்ட்ரிக்ட் என்று மாற்றிக்கொண்டிருக்கிறேன். நன்றி.