இரண்டடித் தொட்டி, பெங்களூர்த் தண்ணீர்: யார் வீட்டில் எது பிழைத்தது?

(மீன் தொட்டி வைத்திருக்கும் பெங்களூர்த் தமிழர்கள் சிலரின் பேச்சு. அவரவர் பகுதியே இங்கே அவரவர் பெயர்.)

அல்சூர்:

வேலைக்கு வந்து இங்கே வீடு எடுத்ததும் ஆசையாக ஒரு மீன் தொட்டி வாங்கி வைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். கடைக்குப் போனதும் கேட்கிற முதல் கேள்வி, "இரண்டடித் தொட்டியில் எத்தனை மீன் விடலாம்?" என்னிடம் கேட்டால் நான் திருப்பிக் கேட்பேன்: உங்கள் சம்ப்பில், அதாவது தரைக்கடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியில் இருப்பது என்ன தண்ணீர்? காவிரியா, போரா, டேங்கரா, இல்லை மூன்றும் கலந்ததா? அதைத் தெரிந்துகொள்ளாமல் மீன் பட்டியல் போடுவது வீண் வேலை.

எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் காவிரி வரும். தொரேகாடனஹள்ளியிலிருந்து நூறு கிலோமீட்டர், மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவருகிற தண்ணீர். வராத நாளில் வீட்டுக்காரர் போரைத் திறந்து அதே சம்ப்பில் விடுவார். வெளியே பார்த்தால் ஒரே குழாய், ஒரே தண்ணீர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கிற டிடிஎஸ் மீட்டரை வைத்தால் இந்த வாரம் ஒன்று காட்டும், அடுத்த வாரம் அதைப் போல இரண்டு மடங்கு காட்டும். 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத்தைத் திறந்த பிறகு புறநகரில் பலருக்கு இந்தக் கலவை புதிதாக ஆரம்பித்திருக்கிறது. மீன் எந்தத் தண்ணீருக்கும் ஓரளவு பழகிவிடும். வாராவாரம் மாறுகிற தண்ணீருக்குப் பழகுவதுதான் கஷ்டம். அதனால் நான் தண்ணீர் மாற்றுவது காவிரி வந்த நாளில் மட்டும், கால் தொட்டி அளவுக்கு. ஒரு டிரம்மில் பிடித்து, குளோரினுக்கு மருந்து விட்டு, அப்புறம்தான் ஊற்றுவேன்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் கணக்குக்கு 56 லிட்டர். மணல், கல், கட்டை எல்லாம் போக 45 தேறினால் அதிகம். செடி என்றால், பின்புறம் வாலிஸ்னேரியா, மூலையில் ஹைக்ரோஃபிலா, நடுவில் கிரிப்டோகோரின் வென்டி, கட்டையில் நூல் வைத்துக் கட்டிய அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும். இந்த இரண்டையும் மணலில் புதைக்கக் கூடாது. கிடைமட்டமாக ஓடும் அந்தத் தண்டு மண்ணுக்குள் போனால் அழுகிவிடும். செடி வைத்து ஒரு மாதத்துக்கு மேல் தொட்டி சும்மாவே ஓடட்டும், மீன் உணவு மட்டும் ஒரு சிட்டிகை தினமும் போட்டுக்கொண்டு. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அந்தப் பொறுமைதான் யாருக்கும் இருப்பதில்லை. போர் தண்ணீர்க்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தண்ணீரின் அமிலம், காரம் காட்டும் பிஎச் 8 பக்கம் இருந்தால், அதே அளவு அம்மோனியாவே மீனுக்கு இன்னும் கொடிய விஷம்.

மீன் என்று பார்த்தால் எனக்கு மேலே ஒரு ஜோடி ஹனி கௌராமி, நடுவில் செர்ரி பார்ப் கூட்டம், கீழே செர்ரி இறால். பார்ப் இறால் குஞ்சைத் தின்னும். ஜாவா பாசி அடர்த்தியாக இருப்பதால் தப்பிக்கிறவை தப்பிக்கின்றன. அவ்வளவுதான், இதற்கு மேல் ஒரு மீன் கூட சேர்ப்பதாக இல்லை. உங்கள் தொட்டிக் கதைகளைச் சொல்லுங்கள்.

மாரத்தஹள்ளி:

சம்ப் விஷயம் உண்மைதான் சார். ஆனால் எங்களை மாதிரி பெரிய அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை: சாஃப்டனர்.

என் தொட்டியில் நத்தைகளின் ஓடு நுனியிலிருந்து வெளுத்து, குழி விழுந்து, மெலிந்துகொண்டே வந்தது. விரலால் எடுத்தால் நொறுங்கிவிடும் போல இருந்தது. இறால்கள் தோல் உரிக்கும்போது பாதியில் மாட்டிக்கொண்டு செத்தன. டிடிஎஸ் பார்த்தால் தொள்ளாயிரத்தைத் தொடுகிறது. இவ்வளவு உப்புச்சத்து உள்ள தண்ணீரில் ஓடு கரைவதா? ஒரு நாள் கீழே பம்ப் ரூமுக்குப் போனேன். அங்கே வேலை செய்கிற பெரியவர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், மூட்டை மூட்டையாக உப்பை ஒரு தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். "போர் தண்ணி கெட்டிம்மா, இத போட்டாத்தான் கீசர் அடைக்காது" என்றார். அப்போதுதான் விளங்கியது. சாஃப்டனர் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுகிறது. மீட்டரில் எண் அப்படியேதான் நிற்கும், குறையாது. ஆனால் நத்தைக்கும் இறாலுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் கிட்டத்தட்ட இல்லை. செடிக்கும் அது இல்லாமல் முடியாது, புதுத் துளிர் சுருண்டு சுருண்டு வரும்.

அந்தப் பெரியவரே வழியும் சொன்னார். தோட்டத்துக்குப் போகிற குழாயில் சாஃப்டனர் கிடையாதாம், நேராகப் போர் தண்ணீர். இப்போது அதிலிருந்து ஒரு பங்கு, சமையலறை ஆர்ஓ தண்ணீர் இரண்டு பங்கு. வெறும் ஆர்ஓ ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் எந்தச் சத்தும் இருக்காது, பிஎச் நிலையாக நிற்காது. நான் வளர்ப்பது கப்பியும் பிளாட்டியும். இரண்டுமே கடினத் தண்ணீரை விரும்புகிறவை. நியான் டெட்ரா மேல் ஆசைதான். ஆனால் அது அமேசான் பக்கத்து மென்மையான தண்ணீரில் பிறந்தது, எனக்காக அது ஏன் கஷ்டப்பட வேண்டும்?

அல்சூர்:

மேடம், இதைத் தொடங்கியதற்கு உங்கள் பதிவு ஒன்றே போதும். தோட்டக் குழாய் யோசனை அருமை. உங்கள் தண்ணீருக்கு வாலிஸ்னேரியா வைத்துப் பாருங்கள். கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே அது தனக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ளும், எல்லாச் செடிக்கும் அந்தத் திறமை கிடையாது. ஒன்று மட்டும், லிக்விட் கார்பன் என்று பாட்டிலில் விற்பதை அந்தத் தொட்டியில் விட வேண்டாம். வாலிஸ்னேரியா இலை கூழாகிவிடும்.

காக்ஸ் டவுன்:

செடி பற்றி ஒரு கூத்து. சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு கடை, பெயர் வேண்டாம். கண்ணாடித் தொட்டிக்குள் வெள்ளைக் கோடு போட்ட பச்சை இலைச் செடி வரிசையாக நிற்கிறது. எங்கள் ஆபீஸ் வாசலில் தொட்டியில் வைத்திருக்கிறார்களே, அதே டிரசீனா. கடைப் பையன் நம்ம ஆள்தான்.

"தம்பி, இது தரையில வளர்ற செடி இல்லையா?"

"தண்ணிக்குள்ளயும் இருக்கும்ணா."

"எவ்வளவு நாள்?"

"மூணு மாசம் இருக்கும்ணா. அப்புறம் வேற வாங்கிக்கலாம்."

பொய் சொல்லவில்லை பாருங்கள்! டிரசீனா, லக்கி பேம்பூ, சிங்கோனியம் இதெல்லாம் முழுக்க முங்கினால் மெதுவாக அழுகும். அழுகுகிற செடி அம்மோனியாவைக் கூட்டும், மீன் போகும், நாம் மறுபடி கடைக்குப் போவோம்.

தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தால் விறைத்து நிற்பது தரைச் செடி, துவண்டு விழுவது நீர்ச் செடி என்று ஒரு சோதனை சொல்வார்கள். பாதிதான் சரி. ரோட்டாலா மாதிரி நிஜ நீர்ச் செடிகளையே நர்சரியில் தண்ணீருக்கு வெளியேதான் வளர்க்கிறார்கள், அதுவும் விறைப்பாகத்தான் நிற்கும். ரோட்டாலா ரொட்டன்டிஃபோலியா வாங்கும்போது இலை வட்டமாக, காசு மாதிரி இருக்கும். தொட்டியில் நட்டபின் கீழே இருக்கும் வட்ட இலைகள் பழுத்து உதிரும். அதே தண்டின் மேலே நீளமாக, மெல்லிசாக வேறு இலை வரும். பார்க்கிறவர்களுக்கு வேறு செடி முளைத்தது போலத் தோன்றும். பழைய இலை உதிர்வதைப் பார்த்துச் செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்தவர்கள் ஏராளம். கிரிப்டோகோரினும் இப்படித்தான், இடம் மாற்றினால் மொத்த இலையும் கரைந்து போகும். வேரை விட்டுவைத்தால் திரும்ப வரும்.

மணி பிளான்ட் கொடியை மட்டும் தைரியமாக வையுங்கள். வேர் தண்ணீருக்குள், இலை வெளியே. நைட்ரேட்டை இழுத்துக்கொண்டு மேலே ஜம்மென்று வளரும்.

ஜாலஹள்ளி:

நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் சென்னை கொளத்தூரில் மீன் வாங்கி லால்பாக் எக்ஸ்பிரஸில் கொண்டுவருகிற ஆள். ஆக்சிஜன் அடைத்த கவரை மடியில் வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம். போன முறை எதிர் சீட்டு ஆயா, "என்னடா கண்ணு, குழம்புக்கு இவ்ளோ சின்னதா?" என்று கேட்டுவிட்டு ஜோலார்பேட்டை வரைக்கும் கவரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

சென்னையிலிருந்து கொண்டுவரும்போது தண்ணீரை விடச் சூடுதான் பிரச்சினை. அங்கே 30 டிகிரியில் இருந்த மீன், இங்கே டிசம்பர் காலையில் 20, 21க்கு இறங்கிவிட்ட தொட்டிக்கு வருகிறது. இரண்டு மூன்று நாளில் உடம்பெல்லாம் ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. அதனால் புது மீனுக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் டப், அதில் ஹீட்டர், கொஞ்ச நாள் அங்கேதான் வாசம். எங்கள் வீட்டில் அதற்கு ஐசியூ என்று பெயர்.

ஹீட்டர் வாங்க மனமில்லை என்றால் குளிர் தாங்குகிற மீனாகப் பாருங்கள். ஜீப்ரா டேனியோ, ரோஸி பார்ப் இரண்டும் நம் நாட்டு ஆற்று மீன்கள், 18 டிகிரி வரை அலட்டிக்கொள்ளாது. சீனாவின் ஒயிட் கிளவுடுக்கு இந்த ஊர்க் குளிர்காலம் சொந்த ஊர் மாதிரி, ஏப்ரல் வெயில்தான் ஆகாது. ரோஸி பார்ப் இளசான செடியைக் கடிக்கும். அனுபியாஸ் மாதிரி தடித்த இலை வைத்தவர்கள் பிழைத்தார்கள்.

கம்மனஹள்ளி:

அண்ணா, என்னிடம் நீளம், அகலம், உயரம் எல்லாமே ஓரடி இருக்கிற தொட்டி இருக்கிறது. பீட்டா ஒன்று, கப்பி நாலு விடலாமா? கடையில் விடலாம் என்றார்கள்.

ஜாலஹள்ளி:

வேண்டாம் தம்பி. ஆண் கப்பியின் வால் நீளமாக, கலராக இருக்கும். அதை இன்னொரு ஆண் பீட்டா என்று நினைத்துக் குதறிவிடும். இருப்பதே 28 லிட்டர், ஓடி ஒளியவும் இடமில்லை. பீட்டா மட்டும் விடு, கூட இரண்டு நத்தை. ஒரு 50 வாட் ஹீட்டர், அப்புறம் மூடி கட்டாயம். பீட்டா மேலே வந்து காற்றை விழுங்கும் மீன், மேலே நிற்கிற காற்று சில்லென்று இருந்தால் அதற்கு ஆகாது. தண்ணீர் மட்டத்துக்கு அருகில் அகலமான இலை ஒன்று வை, அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

ராஜாஜிநகர்:

கப்பி, பீட்டா என்று எல்லோரும் வெளியூர்க் கதையே பேசுகிறீர்கள். என்னிடம் இருப்பது பட்டாணி பஃபர். கேரளத்திலும் தென் கர்நாடகத்திலும் மட்டும் இயற்கையாக இருக்கிற மீன், முழு வளர்ச்சியே இரண்டரை, மூன்று சென்டிமீட்டர்.

அது நத்தை பிடிப்பதை ஒருமுறை பார்த்தால் டிவி பார்க்க மாட்டீர்கள். நத்தை கண்ணாடியில் ஊர்ந்துவரும். இது ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் அசையாமல் நிற்கும், சின்னத் துடுப்புகள் மட்டும் விசிறிக்கொண்டிருக்கும். ஒரு கண் நத்தை மேல், இன்னொரு கண் என் மேல், இரண்டும் தனித்தனியாகச் சுழலும். நத்தை கொம்பை நீட்டி உடலை வெளியே விட்ட நொடியில் ஒரே பாய்ச்சல். கொத்தியதும் பின்வாங்கி, வாய்க்குள் போனதை மெல்லுவது நமக்கே தெரியும்.

இந்த அழகைப் பார்த்துவிட்டு மற்ற மீனோடு விட்டால் தீர்ந்தது. எல்லார் வாலையும் கத்தரித்துவிடும். தனித்தொட்டிதான், அதுவும் காடு மாதிரி செடி: ஹைக்ரோஃபிலா, ஜாவா பாசி, மேலே மிதக்கும் சால்வினியா. ஒன்றை ஒன்று பார்க்காதபடி மறைப்பு இருந்தால்தான் தங்களுக்குள் சண்டை குறையும். காய்ந்த உணவைத் தொட்டுக்கூடப் பார்க்காது, அதனால் நத்தைக்காக மட்டும் பால்கனியில் ஒரு பக்கெட் வைத்திருக்கிறேன், வீட்டில் அதற்குத் தினமும் திட்டு.

இன்னொன்று, மிஸ் கேரளா என்கிற மீனைச் சின்னத் தொட்டிக்கு வாங்காதீர்கள். கடையில் விரல் நீளம் இருக்கும். அரைச் சாணுக்கு மேல் வளரும், கூட்டமாகப் பாய்ந்து நீந்தும், நாலடிக்குக் குறைந்த தொட்டி அதற்குச் சிறை. ஆற்றிலிருந்து அள்ளி அள்ளியே அழியும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அல்சூர்:

ராஜாஜிநகர் சொன்ன "கடையில் விரல் நீளம்" கதை சக்கர் மீனுக்கும் பொருந்தும். கண்ணாடிப் பாசியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி எல்லா புதுத் தொட்டியோடும் ஒன்றைத் தள்ளிவிடுகிறார்கள். அது ஓரடிக்கு மேல் வளரும். எங்கள் மாடி வீட்டுக்காரர் அதை வைத்துச் சமாளிக்க முடியாமல் ஒரு மாலை பக்கெட்டோடு கிளம்பினார். ஏரியில் விடப் போகிறாராம், புண்ணியமாம். படியிலேயே மறித்துவிட்டேன். தென்னமெரிக்க மீன், இங்கே நீர்நிலைகளில் பெருகி நம் மீன்களின் இடத்தையும் இரையையும் பிடுங்குகிறது சார் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் பக்கெட் கனத்தில் அவர் கை வலித்துவிட்டது. கடைசியில் பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவர் வந்து எடுத்துப் போனார். பாசிக்கு நத்தையும் இறாலும் போதும், விளக்கை ஆறேழு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாமல் இருந்தால் அதுவே பாதி வேலை.

மாரத்தஹள்ளி மேடம், கம்மனஹள்ளி தம்பி, இந்த ஞாயிறு வாலிஸ்னேரியாவைக் கழிக்கப் போகிறேன். ஒரு பக்கெட் நிறையக் கிடைக்கும். வருவதானால் ஈரத்துணியும் ஒரு கவரும் கொண்டுவாருங்கள். வேரில் நத்தை முட்டை ஒட்டியிருக்கும், வேண்டாதவர்கள் அலசிவிட்டு நடுங்கள். ராஜாஜிநகர்க்காரருக்கு மட்டும் அலசாமலே தருகிறேன்.