டெல்டா ரோபாட்டிக்ஸ் போட்டி: தகுதிச் சுற்றை ஒரே நாளில் வைக்காமல் எப்படி நடத்தலாம்?

வேதாரண்யம் டீச்சர் கேட்டது:

வணக்கம். எங்கள் பள்ளியில் இரண்டு அணிகள் இருக்கின்றன, எட்டாவது ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள். டெல்டா ஆசிரியர்கள் நாமே சேர்ந்து நடத்துகிற போட்டி இது, ஏற்பாட்டில் நானும் இருக்கிறேன், அதனால் யார் மீதும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் தகுதிச் சுற்றை மாற்றியே ஆக வேண்டும்.

இப்போது எல்லா அணிகளும் ஒரே நாளில் தஞ்சாவூர் வர வேண்டும். எங்களுக்கு அது 100 கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலை மூன்றரை மணிக்கு வேன் கிளம்பியது, வீடு திரும்பும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. அத்தனை அலைச்சலுக்கும் ஓர் அணிக்குக் கிடைப்பது, ரோபோ மேசை மீது ஓடி வேலைகளைச் செய்கிற இரண்டரை நிமிட ஆட்டம் மூன்று, அதில் அதிக மதிப்பெண் வந்த ஆட்டம் மட்டும் கணக்கு. முதல் ஆட்டத்தில் இடது மோட்டார் வயர் கழன்றது. இரண்டாவதில் கறுப்புக் கோட்டை சென்சார் பிடிக்கவே இல்லை, ரோபோ நடுமேசையில் நின்றுவிட்டது. மூன்றாவதில் பிள்ளைகள் பயந்துபோய்ச் சுலபமான வேலைகளை மட்டும் செய்தார்கள்.

திரும்பும் வழியில் வேனிலேயே காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். பள்ளியில் ஜன்னல் பக்கம் வைத்து சென்சாரைப் பழக்கியிருக்கிறார்கள், அரங்கத்தில் டியூப்லைட் வெளிச்சம். திருத்துறைப்பூண்டி தாண்டும்போது ஒரு பெண் சொன்னாள், "டீச்சர், இன்னொரு தடவை விட்டா கண்டிப்பா பண்ணிடுவோம்." அந்த இன்னொரு தடவைக்கு நம் அமைப்பில் இடமே இல்லை. எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டு மூன்று ஊர்களில் பிரித்து வைத்தால், ஒரு ஊர் மதிப்பெண்ணையும் இன்னொரு ஊர் மதிப்பெண்ணையும் எப்படி ஒப்பிடுவது? இறுதிச் சுற்றுக்கு யாரை எடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கும்பகோணத்துக்காரர் (இப்போது மிச்சிகனில்):

டீச்சர், இங்கே ஃபர்ஸ்ட் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபாட்டிக்ஸ் போட்டி நடத்துகிற அமைப்பு இருக்கிறது, அதன் உயர்நிலைப் பள்ளிப் போட்டிக்குப் போய் வேலை செய்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன். முன்பு இங்கேயும் பெரிய மண்டலப் போட்டிதான், பல அணிகளுக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு வாய்ப்பு. 2009ல் மிச்சிகன்தான் முதலில் அதைக் கலைத்து 'டிஸ்ட்ரிக்ட்' முறைக்கு மாறியது. பெயரைப் பார்த்து நம் ஊர் மாவட்டம் என்று நினைக்க வேண்டாம், மாநிலம் முழுக்க ஒரே டிஸ்ட்ரிக்ட். உள்ளூர்ப் பள்ளி விளையாட்டு அரங்குகளில் சின்னச் சின்னப் போட்டிகள் நடக்கும், ஒவ்வோர் அணியும் இரண்டில் ஆடும், ஒன்றுக்கு 12 ஆட்டம் உறுதி. இரண்டிலும் வாங்கிய புள்ளிகளைக் கூட்டி மாநில இறுதிக்கு எடுப்பார்கள். மூன்றாவதாக ஒரு போட்டிக்குக் காசு கட்டிப் போனாலும் அதற்குப் புள்ளி கிடையாது, அதனால் பணம் உள்ள அணி நிறைய ஆடி முன்னேறிவிட முடியாது.

இன்னொன்றும் உண்டு. முதல் வருஷ அணிக்கு 10 புள்ளி, இரண்டாம் வருஷ அணிக்கு 5 புள்ளி கூடுதலாகத் தருவார்கள்.

ஆனால் எனக்கு முக்கியமாகத் தெரிவது இரண்டு போட்டிக்கும் நடுவில் கிடைக்கிற சில வாரங்கள்தான். முதல் போட்டியில் ரோபோவின் கை உடைந்து அழுதுகொண்டே போன அணி, அடுத்ததில் வேறு மாதிரி கை செய்துகொண்டு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் வேனில் கண்டுபிடித்தார்களே, அதைச் செய்து பார்க்க ஒரு நாள் வேண்டும்.

சீர்காழி சார்:

பிரிப்பது சரி, எப்போது வைப்பது என்பதையும் யோசியுங்கள். இரண்டு சுற்று என்றால் யாராவது ஒருவர் நவம்பர் என்று ஆரம்பிப்பார்கள். வடகிழக்குப் பருவமழையில் எங்கள் பக்கமும் சரி, வேதாரண்யம் பக்கமும் சரி, தேதி குறித்து ஒன்றும் நடத்த முடியாது. கஜா கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16, வேதாரண்யத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. ஆக, முதல் சுற்று ஆகஸ்ட் முதல் பாதி, இரண்டாவது காலாண்டு விடுமுறை முடிந்து மழை பிடிப்பதற்குள் அக்டோபர் தொடக்கம். இறுதிச் சுற்று பொங்கலுக்கு அப்புறம். அப்போது சம்பா அறுவடை, பெற்றோர் கூட வர முடியாது, ஆனால் அதற்குள் அணிகள் குறைந்திருக்கும், ஆசிரியர்களே பார்த்துக்கொள்ளலாம்.

புது அணிக்குச் சும்மா புள்ளி தருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்றாவது வருஷம் வருகிற ஏழை அணிக்கு என்ன பதில் சொல்வீர்கள்? அதற்குப் பதிலாக உதிரி மோட்டார், பேட்டரி, கேபிள் என்று ஒரு பெட்டி வாங்கி ஒவ்வோர் ஊருக்கும் எடுத்துப் போகலாம்.

தஞ்சாவூர் நடுவர்:

நான்கு வருஷமாக மேசை அருகில் நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். டீச்சர் கேட்ட ஒப்பீட்டுக் கேள்விக்கு அமெரிக்கக் கணக்கு தேவையே இல்லை. அங்கே மூன்று அணி சேர்ந்து மூன்று அணியோடு மோதுகிறது, மதிப்பெண் எதிரே யார், கூட யார் என்பதைப் பொறுத்தது, அதனால் ஓர் அணி எத்தனையாவது இடம் வந்தது என்பதைப் பார்த்துப் புள்ளி தர வேண்டியிருக்கிறது. நம்முடையது எட்டடிக்கு நாலடி மேசை, ரோபோ மேசையோடுதான் மோதுகிறது. முத்துப்பேட்டையில் வாங்கிய 180ம் பாபநாசத்தில் வாங்கிய 180ம் ஒன்றுதான். ஊருக்கு இரண்டு அணி என்று ஒதுக்கீடு வைத்தால் ஆறு அணி வந்த ஊரில் லேசாகவும் பன்னிரண்டு அணி வந்த ஊரில் கஷ்டமாகவும் ஆகிவிடும். ஒரே பட்டியல் போடுங்கள்.

ஆனால் அதற்கு மேசை ஒன்றாக இருக்க வேண்டும், நடுவரும் ஒன்றாக இருக்க வேண்டும். மேசை ஒரு ப்ளைவுட் ஷீட் அளவு, குட்டி யானையில் இரண்டு மேசை, விரிப்பு, பொருள்கள், விளக்கு எல்லாம் ஏற்றிவிடலாம். விளக்கை மறக்காதீர்கள், அதையும் நாமே கொண்டுபோனால்தான் சென்சார் பிரச்சினை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும். ஆடுவதற்கு முன் ஒவ்வோர் அணிக்கும் மேசையில் ஐந்து நிமிடம் பழக்க நேரம் கட்டாயம் வேண்டும். இரண்டு நடுவர்கள் மூன்று ஊருக்கும் கூடவே வருவோம், நான் வருகிறேன்.

வீட்டிலிருந்தே ஆடி வீடியோ அனுப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். கொரோனா சமயத்தில், 2020-21ல், அதே ஃபர்ஸ்ட் அமைப்பின் இன்னொரு போட்டியான ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்சில் அணிகள் தங்கள் இடத்திலேயே தனியாக ஆடி மதிப்பெண்ணைப் பதிந்தன. அன்றைக்கு வேறு வழியில்லை. எங்கள் பிள்ளைகள் பக்கத்து அணியின் ரோபோவைக் குனிந்து பார்த்துத்தான் பாதி கற்றுக்கொள்கிறார்கள், அதை எடுத்துவிடாதீர்கள்.

வேதாரண்யம் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். திருத்துறைப்பூண்டி, மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று மூன்று இடம். முதல் சுற்றில் எல்லோரும் பக்கத்து ஊரில் ஆடட்டும். இரண்டாவது சுற்றுக்கு எங்கே போவது என்பதை அணிகளே தேர்ந்தெடுக்கலாம், தூரம் போக முடிந்தவர்கள் வேறு ஊர் அணிகளைப் பார்ப்பார்கள், முடியாதவர்கள் பக்கத்திலேயே ஆடலாம். நாளுக்கு நான்கு ஆட்டம். இரண்டு நாளின் சிறந்த ஆட்டத்தையும் கூட்டி ஒரே பட்டியல், முதல் எட்டு அணிகள் இறுதிக்கு.

புது அணிக்குப் புள்ளி தரும் விஷயத்தில் சீர்காழி சார் சொன்னதுதான் நியாயமாகப் படுகிறது, உதிரிப் பெட்டிக்கே போகலாம். எங்கள் பக்கத்தில் இரண்டு பெண் பிள்ளைகளின் வீட்டில் அடுத்த வருஷம் அனுப்ப மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். திருத்துறைப்பூண்டி என்றதும், சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாமா என்று மட்டும் கேட்டார்கள். மதியம் மூன்றுக்குள் முடித்துவிடலாம் இல்லையா நடுவர் சார்?

தஞ்சாவூர் நடுவர்:

ஓர் ஊரில் எட்டு அணி என்று வைத்தால், நான்கு ஆட்டம், இரண்டு மேசை. ஒன்பதரைக்குத் தொடங்கினால் பழக்க நேரத்தையும் சேர்த்து இரண்டரைக்கு முடியும். மேசையை முந்தின நாள் இரவே இறக்கி வைக்க ஒரு பள்ளி சாவி தர வேண்டும், அதை மட்டும் நீங்கள் பாருங்கள்.