நீச்சல்குள லைனருக்கு ‘உட்பாய்’: வேலையில் வைத்துப் பார்த்த சொல்

மதிப்பிற்குரிய அவையினருக்கு வணக்கம்.

நீர் கசியாமலிருக்க நீச்சல்குளத்தின் உட்புறத்தில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளான லைனருக்கு, இந்த அவையில் தமிழ்ச் சொற்களாக முன்மொழியப்பட்ட உறை, உள்ளுறை, புறணி ஆகிய சொற்களைக் கடந்த பங்குனியில் ஒரு வேலையில் வைத்துப் பார்க்க எனக்கு வாய்த்தது. காவேரிப்பட்டணத்துக்கு அருகே எங்கள் சித்தப்பாவின் மாந்தோப்பு வீட்டில் தரைக்குள் பதித்த சிறிய குளம் ஒன்று உண்டு. அது ஓடு பதித்த கான்கிரீட் குளம் அன்று. இரும்புத் தகட்டுச் சுவருக்குள் பி.வி.சி. லைனரைத் தொங்கவிட்ட வகை. பழைய லைனர் நைந்துவிட்டதால், நானும் சித்தப்பாவும் தோப்பில் வேலை செய்யும் இருவரும் சேர்ந்து அதை மாற்றினோம். செய்முறையை முன்கூட்டியே தமிழில் எழுதி வைத்துக்கொண்டோம்.

அதில் முதலில் ‘உறை’ என்றே எழுதியிருந்தேன். “உறையை எடுத்து வாருங்கள்” என்றபோது, இலை விழாமல் குளத்தின் மேல் போடும் மூடியைத்தான் தூக்கி வந்தார்கள். தலையணைக்கும் வாளுக்கும் வெளியே இருப்பதையே உறை என்று பழகிய காதுக்கு அது இயல்பு. புறணி என்ற சொல்லிலேயே ‘புறம்’ நிற்கிறது. மூளைப் புறணி என்று உடற்கூற்றியலில் அது நன்றாக வேரூன்றியும் விட்டது. பேச்சு வழக்கிலோ புறணி என்றால் பிறரைப் பற்றிப் பின்னால் பேசுவது. உள்ளுறை அழகான சொல்தான். ஆனால் நூலின் பொருளடக்கத்தையும் செய்யுளின் மறைபொருளையும் ஏற்கெனவே சுமக்கும் சொல்லின் மீது பி.வி.சி. தாளையும் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் பண்ணைக்குட்டையில் நீர் மண்ணுக்குள் இறங்காமலிருக்க விரிக்கும் 500 மைக்ரான் (அரை மில்லிமீட்டர்) ஷீட்டைப் பலரும் ‘தார்ப்பாய்’ என்றே சொல்கிறார்கள். நீச்சல்குள லைனர்களில் பரவலாக விற்கும் 20 மில் என்பதும், ஒரு மில் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதால், ஏறத்தாழ அதே அரை மில்லிமீட்டர்தான். மூலப்பொருள் வேறாக இருந்தாலும் இரண்டும் செய்யும் தொழில் ஒன்றே. ஆகவே, உழவர் வாயில் இருக்கும் ‘பாய்’ என்பதையே எடுத்து, உள் என்பதோடு சேர்த்து, ‘உட்பாய்’ என்று முன்மொழிகிறேன். உட்பகை, உட்பொருள் என்பன போன்ற புணர்ச்சிதான் இதுவும்.

இச்சொல்லை இட்டுச் செய்முறையைத் திருத்தி எழுதினேன். பழைய உட்பாயைக் கீற்றுகளாக அறுத்து எடுக்க வேண்டும். குளத்தை நெடுநாள் வெறுமையாக விடக் கூடாது. உள்ளே நீரின் அழுத்தம் இல்லாதபோது வெளிமண் சுவரை உள்நோக்கித் தள்ளும், நிலத்தடி நீர் உயர்ந்தால் தரையும் மேலெழும். அதனாலேயே மழைக்காலம் வருமுன் இவ்வேலையை வைத்துக்கொண்டோம். புதிய உட்பாய் குளத்தின் அளவைவிடச் சற்றுச் சிறிதாகவே செய்யப்பட்டு வருகிறது. இளவெயிலில் அது நெகிழ்ந்தபின் இழுத்து மாட்டினால்தான் சுருக்கமின்றிப் படியும். மாட்டிய பிறகு, உட்பாய்க்கும் சுவருக்கும் இடையிலுள்ள காற்றை வேக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே தரையில் நீர் விட வேண்டும். நீர்மட்டம், சுவரில் நீர் வந்துபோகும் பக்கவாட்டுத் துளைக்குச் சற்றுக் கீழே வந்து, கேஸ்கட்டும் (கசிவைத் தடுக்கும் மென்தகடு) அதன்மேல் முகத்தகடும் வைத்துத் திருகாணிகளை இறுக்கிய பின்னரே அந்தத் துளைக்கு நேராக உட்பாயை வெட்ட வேண்டும். அவசரப்பட்டு முன்னதாக வெட்டினால், நீரின் எடையில் உட்பாய் மேலும் இழுபட்டு வெட்டு இடம் மாறிவிடும். இந்தத் தாளைப் படித்த இருவரும் எந்த வரியிலும் பொருள் கேட்கவில்லை.

‘உட்பாய்’ என்பதை ‘உள்ளே குதி’ என்று ஏவலாகவும் படிக்கலாமே என்று தனிமடலில் பேராசிரியர் அம்மையார் ஒருவர் சுட்டிக்காட்டியது நியாயமான ஐயம். தலைப்பில் தனித்து நிற்கும்போது அந்த மயக்கம் எழக்கூடும். உட்பாயை, உட்பாயின் என்று வேற்றுமை ஏற்றவுடன் அது நீங்கிவிடுகிறது. தலைப்புகளில் ‘குள உட்பாய்’ என்று அடைகொடுத்து எழுதலாம்.

லைனர் வரும் இடமெல்லாம் இச்சொல்லை இட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒசூர்ப் பட்டறைகளில் பிரேக் லைனர் என்பதும் சிலிண்டர் லைனர் என்பதும் விறைப்பான பொருள்கள். அவற்றைப் பாய் என்பது பிழை. கால்வாய்க்குப் போடும் கான்கிரீட் லைனிங்கும் அப்படியே. மடித்து எடுத்துச் சென்று விரிக்கக்கூடியது எதுவோ அதற்கு மட்டுமே உட்பாய்.

ஒன்று எனக்கு இன்னும் தீரவில்லை. உட்பாயின் மேல்விளிம்பில் தடித்து ஓடும் பட்டையும், அது செருகப்படும் பள்ளமும் பெயரின்றி நிற்கின்றன. பள்ளத்துக்குத் தச்சர் சொல்லும் ‘காடி’ கச்சிதமாகப் பொருந்துகிறது. பட்டைக்கு ‘விளிம்பு நாக்கு’ என்று எழுதிப் பார்த்தேன். “நாக்கைக் காடியில் செருகுக” என்பது தெளிவாகவே இருக்கிறது. ஆயினும் தச்சர் நாக்கு என்பது விறைப்பான மரத்தை, இதுவோ வளைந்து கொடுப்பது. தச்சுத் தொழிலோ தையல் தொழிலோ அறிந்தவர்கள் இதைவிடப் பொருத்தமான சொல்லை அறிந்திருந்தால் எழுத வேண்டுகிறேன்.