டெங்கு லைன் லிஸ்ட்: தரவைப் பகிராமல் மூன்று பேர் சேர்ந்து கட்டற்ற கருவி எழுத முடியுமா?

கொசுவலை:
வணக்கம். நான் சமூக மருத்துவம் படித்தவள். 2018இல் ஆய்வேட்டுக்காக ஒரு டெங்கு பரவலின் தரவை ஆர் என்ற புள்ளியியல் நிரல் மொழியில் அலசினேன். போன மாதம் ஒரு ஜூனியர் அந்த நிரலை (கோட்) கேட்டார். அனுப்பும் முன் நானே ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். அதே கோப்பு, அதே ஸ்கிரிப்ட், தற்செயல் எண்களைத் தொடங்கி வைக்கும் செட்.சீட் எண்ணும் அதேதான். ஆனால் பூட்ஸ்ட்ராப் செய்து (தரவிலிருந்தே மறுபடி மறுபடி மாதிரி எடுத்து) கணக்கிட்ட நம்பிக்கை இடைவெளிகள் ஆய்வேட்டில் அச்சான எண்களோடு ஒத்துவரவில்லை. இரண்டு நாள் தூக்கமே இல்லை. என் அட்டவணையை என்னாலேயே மறுபடி எடுக்க முடியாவிட்டால் வேறு யார் நம்புவார்கள்?

அப்புறம் இன்னொன்று. நானும் வேறு இரண்டு மாவட்டங்களில் இருக்கும் நண்பர்களும் தனித்தனியே ஒரே வேலையைச் செய்கிறோம். லைன் லிஸ்ட்டை, அதாவது நோயாளிக்கு ஒரு வரி என்று எழுதும் பட்டியலை, சுத்தம் செய்ய வேண்டும், காய்ச்சல் தொடங்கிய தேதிப்படி வரைபடம் போட வேண்டும், வாரா வாரம் அறிக்கை அனுப்ப வேண்டும். இதற்கு மூன்று பேரிடமும் மூன்று ஸ்கிரிப்ட். சேர்ந்து ஒன்றாக எழுதிப் பொதுவில் வைக்க ஆசை. ஆனால் லைன் லிஸ்ட்டில் நோயாளியின் பெயர், தெரு, கைபேசி எண் எல்லாம் இருக்கின்றன. எங்களுக்குள்கூட அதைப் பகிரக் கூடாது. எங்கே தொடங்குவது?

நிரல்வண்டு:
டாக்டர், உங்கள் கணக்கில் தப்பு இருக்காது என்றே நினைக்கிறேன். 2019 ஏப்ரலில் வந்த ஆர் 3.6.0இல் சாம்பிள் என்ற கட்டளை எண்களைப் பொறுக்கும் முறையை மாற்றினார்கள். பழைய முறையில், பெரிய தொகுப்பிலிருந்து எடுக்கும்போது எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பு கிடைக்கவில்லை. அதனால் அதற்கு முன்னால் எழுதிய ஸ்கிரிப்ட் அதே சீட் கொடுத்தாலும் வேறு மாதிரிகளை எடுக்கும். செட்.சீட் வரிக்கு மேலே ஆர்என்ஜிகைண்ட் கட்டளையைப் போட்டு, சாம்பிள்.கைண்டுக்கு "ரவுண்டிங்" என்று கொடுத்து ஓட்டிப் பாருங்கள். ஓர் எச்சரிக்கை வரும், அது இருக்கட்டும்.

இனிமேலுக்கு ரென்வ் பேக்கேஜ் (ஆரோடு சேர்க்கும் கூடுதல் கருவித் தொகுப்பு) போடுங்கள். எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு என்று ஒரு லாக் கோப்பில் எழுதி வைக்கும். ஆர் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளும், ஆனால் அந்தப் பழைய ஆரை நிறுவித் தராது. அதுவும் வேண்டுமென்றால், முழு மென்பொருள் சூழலையும் ஒரே பெட்டியாகக் கட்டி வைக்கும் டாக்கர்தான் வழி.

களப்பணி_அக்கா:
இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன், இதில் நான் பட்டிருக்கிறேன்.

முதலில், வெறுந்தரையிலிருந்து கட்ட வேண்டாம். ஆர் எபிடெமிக்ஸ் கன்சார்ட்டியம் என்ற தன்னார்வக் குழு அவுட்பிரேக்ஸ், இன்சிடென்ஸ், எபிகான்டாக்ட்ஸ், லைன்லிஸ்ட் என்று வரிசையாகக் கட்டற்ற பேக்கேஜ்கள் எழுதி வைத்திருக்கிறது. அவுட்பிரேக்ஸில் 1861இல் ஜெர்மனியின் ஹாகெல்லொக் கிராமத்தில் 188 பிள்ளைகளுக்கு வந்த தட்டம்மைத் தரவு இருக்கிறது. கற்பனையாகச் செய்த எபோலா லைன் லிஸ்ட்டும் இருக்கிறது. மூன்று பேரும் முதலில் அதன் மேல் வேலை செய்யுங்கள். அப்புறம் உங்கள் படிவத்தின் அதே தலைப்புகளோடு ஐம்பது வரிப் பொய்த் தரவு ஒன்றை நீங்களே செய்யுங்கள். அழுக்கையும் அதில் வேண்டுமென்றே சேர்க்க வேண்டும்: வயது 350, ஒரே ஆள் இரண்டு முறை, மருத்துவமனையில் சேர்த்த பிறகு தொடங்கிய காய்ச்சல்.

தேதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓர் ஆகஸ்ட் பரவலுக்கு வரைபடம் போட்டேன். ஆகஸ்டில் குவிய வேண்டிய நோயாளிகள் வருடம் முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். உற்றுப் பார்த்தால் எல்லா மாதமும் 8ஆம் தேதியில் மட்டும் குச்சி குச்சியாக நிற்கிறது! கோப்பைத் திறந்த கணினியில் எக்செல், மாதத்தை முதலில் வைக்கும் அமெரிக்க அமைப்பில் இருந்திருக்கிறது. 1/8 ஜனவரி 8 ஆகிவிட்டது, 2/8 பிப்ரவரி 8. 8/8 மட்டும் தப்பியது. 13ஆம் தேதியிலிருந்து அதற்குப் புரியவில்லை, வெறும் எழுத்தாக விட்டுவிட்டது, ஆர் அவற்றைக் காலி என்று எடுத்துக்கொண்டது. ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. அன்றைக்கு எழுதிய சோதனை இன்றும் என் பேக்கேஜில் முதல் சோதனையாக இருக்கிறது.

இரண்டாவது சோதனை, உள்ளே போன வரியும் வெளியே வந்த வரியும் சமமா என்பது. 2020இல் இங்கிலாந்தில் எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வகைக் கோப்பு 65,536 வரிக்கு மேல் கொள்ளாமல், 15,841 கோவிட் நோயாளிகள் தினசரி எண்ணிக்கையில் விடுபட்டார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அதனால் தள்ளிப்போனது. எண்ணிப் பார்க்க ஒரு வரிக் கோட் போதும்.

தரவைப் பகிராமல் முடியுமா என்றால், முடியும். அதே இங்கிலாந்தில் ஓபன்சேஃப்லி என்ற மருத்துவத் தரவு ஆய்வுத் தளம் அப்படித்தான் நடக்கிறது. ஆய்வாளர் பொய்த் தரவை வைத்துத் தன் கணினியில் கோட் எழுதி, கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் போடுகிறார். கோட் தரவு இருக்கும் இடத்துக்குப் போய் ஓடுகிறது. சரிபார்த்த அட்டவணை மட்டும் வெளியே வருகிறது. உங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. கோட் பொதுவில், தரவு அவரவர் அலுவலகக் கணினியில், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எதைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லும் கிட்இக்னோர் கோப்பில் தரவு ஃபோல்டரைப் போட்ட பிறகே முதல் கமிட் (மாற்றத்தைப் பதிவது). ஒருமுறை உள்ளே போன கோப்பை அடுத்த கமிட்டில் அழித்தாலும் வரலாற்றில் அப்படியே இருக்கும்.

கொசுவலை:
நிரல்வண்டு, அந்த வரியைப் போட்டதும் எண்கள் தசமம் வரை ஒத்துவந்துவிட்டன. கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே. அக்கா, 8ஆம் தேதிக் கதையைப் படித்ததும் என் கோப்பைத் திறந்து பார்த்தேன், நல்லவேளை சரியாக இருக்கிறது. ஒரு தயக்கம் மட்டும் பாக்கி. என் கோட் அழகாக இல்லை. இதை ஊர் பார்க்க வைப்பதா?

நிரல்வண்டு:
வையுங்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் 2020 மார்ச் 16 கோவிட் அறிக்கை, பல நாடுகள் எடுத்த ஊரடங்கு முடிவுகளோடு சேர்த்துப் பேசப்பட்டது. அதன் பின்னால் இருந்தது பதின்மூன்று வருடத்துக்கு மேல் பழைய, விளக்கக் குறிப்பே இல்லாத ஆயிரக்கணக்கான வரி சி மொழிக் கோட். எழுதிய நீல் ஃபெர்குசனே அதை வெளிப்படையாகச் சொன்னார். ஒழுங்குபடுத்தி வெளியிட்டபோது கடுமையான விமர்சனம் வந்தது. ஆனால் வெளியே வைத்ததால்தான் கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் எக்லென் ஓட்டிப் பார்த்து, அறிக்கையின் முக்கிய முடிவுகள் மறுபடி கிடைக்கின்றன என்று சான்று தர முடிந்தது. பூட்டி வைத்திருந்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்திருக்காது. உரிமக் கோப்பு ஒன்றைச் சேர்த்துவிடுங்கள், எம்ஐடியோ ஜிபிஎல்லோ, இரண்டும் கட்டற்ற உரிமங்கள்தான். அது இல்லாவிட்டால் நிரலைப் படிக்கலாம், சட்டப்படி எடுத்தாள முடியாது.

கொசுவலை:
சரி. நண்பர்களிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து பொய் லைன் லிஸ்ட் செய்கிறோம். தேதிச் சோதனை முதல் இஷ்யூ (கிட்ஹப்பில் எழுதும் வேலைக் குறிப்பு). அக்கா, திங்கட்கிழமை அதை நீங்கள் ஒருமுறை உடைத்துப் பார்த்துத் தர வேண்டும்.