ஆப்டிட்யூட் டெஸ்ட் ரிப்போர்ட்டை விளக்கிச் சொல்ல நல்ல கவுன்சிலர் யாராவது தெரியுமா?

வணக்கம். மகள் பெரம்பூரில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள், பயோ மேத்ஸ் குரூப். பள்ளியில் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு ஆப்டிட்யூட் டெஸ்ட் வைத்தார்கள். ரிப்போர்ட் கலர் கலராக வந்திருக்கிறது. ஆர்வத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் ஹாலண்ட் முறையில் அவளுக்குக் கலையும் ஆராய்ச்சியும் மேலே நிற்கின்றன. கவுன்சிலர் அதைப் பார்த்தார், "ஆர்க்கிடெக்சர் போடுங்க" என்றார், அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த ஆறு வகை விருப்பத்தைத்தான் காட்டும், திறமையை அளக்காது. அதை மட்டும் வைத்து ஐந்து வருஷப் படிப்பை எப்படி முடிவு செய்வது? ஆர்க்கிடெக்சருக்கு நாட்டா போன்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இன்ஜினியரிங் என்றால் மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50 என்று 200-க்குக் கட் ஆஃப். தயாராகும் விதமே வேறு. அவளோ சைக்காலஜி என்கிறாள். அவள் அப்பா நீட் என்கிறார், அது தனிக் கதை.

ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அவளிடம் நிதானமாகப் பேசக்கூடியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வட சென்னை என்றால் வசதி, அடையாறு என்றாலும் வருகிறோம். கல்லூரிக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறவர்கள் மட்டும் வேண்டாம்.

அப்புறம், பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் பேசியவர்கள் இருக்கிறீர்களா? மேற்படிப்பு பற்றி விவரமாகச் சொல்கிறார்களா? சென்னையில் பி.எஸ்சி. சைக்காலஜி படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவள் அவர்களிடம் போனில் பேச முடியுமா?