"கர்த்தர் காட்டினார்"னு சொல்லி பொண்ணு கேட்டு வர்றாங்க, இது நாமத்தை வீணிலே வழங்குறதுல வருமா?

நெல்லைப்பொண்ணு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்க ரொம்ப நாளா வாசிச்சிட்டு மட்டும் போவேன், இப்பதான் முதல் தடவ எழுதுறேன், நீளமாப் போயிட்டா மன்னிச்சுக்கோங்க.

எனக்கு 26 வயசு, பாளையங்கோட்டை பக்கம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். அம்மா மட்டும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வேற ஒரு சபைக்குப் போவாங்க. அங்க வர்ற ஒரு ஆன்ட்டி போன மாசம் வீட்டுக்கு வந்து, மூணு நாள் உபவாசம் இருந்தேன், கர்த்தர் உங்க மகளைத்தான் என் மகனுக்குன்னு தெளிவா காட்டிட்டார்னு சொல்லிட்டாங்க. தரிசனத்துல நான் மஞ்சள் சேலை கட்டி ஒரு கிணத்துப் பக்கத்துல நின்னேனாம். என் வாட்ஸ்அப் டிபியே கிறிஸ்மஸுக்கு எடுத்த மஞ்சள் சேலை போட்டோதான், அதை எப்படி சொல்றது! பையன் மஸ்கட்ல இருக்கார், ரெண்டு தடவ வீடியோ கால்ல பேசினோம், கெட்டவர்னு சொல்ல மாட்டேன், ஆனா எனக்கு மனசு ஒட்டவே இல்ல.

அப்பா "அவசரம் இல்லம்மா"ங்குறாங்க. அம்மாவுக்குத்தான் பயம். ஏன்னா அந்த ஆன்ட்டி போகும்போது, ஆண்டவர் சொன்னதுக்குக் கீழ்ப்படியலன்னா அப்புறம் வர்ற வாசல் எல்லாம் அடைபட்டுரும்னு ஒரு வார்த்தை போட்டுட்டுப் போயிட்டாங்க. அதுல இருந்து அம்மா ராத்திரி தூங்குறதில்ல.

என் கேள்வி ரெண்டு. போன் கைதவறி விழுந்தா நான் "ஜீசஸ்!"னு சொல்லிருவேன், உடனே அம்மா பத்துக் கட்டளையில கர்த்தரோட நாமத்தை வீணிலே வழங்காதேங்குற மூணாம் கட்டளைய ஒப்பிக்க ஆரம்பிச்சிருவாங்க. அது வீணிலே வழங்குறதுன்னா, இந்த ஆன்ட்டி பண்ணினது என்ன கணக்கு? ரெண்டாவது, நான் வேண்டாம்னு சொன்னா அது கடவுளுக்கு வேண்டாம்னு சொன்னதா ஆகிருமா? நிஜமாவே குழப்பமா இருக்கு.

முத்துநகர்க்காரன்

தங்கச்சி, முதல்ல ஒரு சின்ன விஷயம், உங்களுக்கு மூணாம் கட்டளை, எங்களுக்கு அது ரெண்டாவது 😄 கத்தோலிக்கரான நாங்களும் லுத்தரன்காரங்களும் விக்கிரகம் பத்தினதை முதல் கட்டளையோட சேர்த்து எண்ணி கடைசியில இச்சிக்கிறதை ரெண்டாப் பிரிச்சிருவோம், அதான் நம்பர் மாறுது, விஷயம் ஒண்ணுதான்.

எங்க ஆச்சி எதுக்கெடுத்தாலும் "சேசுவே, மாதாவே"ன்னுதான் சொல்லும். குத்துனா சேசுவே, குளிச்சா சேசுவே. அதை யாரும் பாவம்னு எண்ணுனது இல்ல, ஏன்னா அது அதுக்கு ஜெபம். நீங்க போன் விழும்போது சொல்றது ஜெபமா பழக்கமான்னு உங்களுக்குத்தான் தெரியும், பழக்கம்னா குறைச்சுக்கலாம், அதுக்காக ராத்திரி தூக்கம் கெட வேண்டாம்.

கல்யாண விஷயத்துக்கு வர்றேன். எங்க திருச்சபைச் சட்டம் (1983ல வந்தது) 1057ம் பிரிவுல, கல்யாணத்தை உண்டாக்குறது அந்த ரெண்டு பேரோட சம்மதம்தான், அதை வேற எந்த மனுஷ அதிகாரமும் அவங்களுக்குப் பதிலா கொடுக்க முடியாதுன்னு தெளிவா இருக்கு. 1103ம் பிரிவுல வற்புறுத்தலாலயோ பெரிய பயத்தாலயோ நடந்த கல்யாணம் செல்லவே செல்லாதுன்னு இருக்கு. நீங்க சிஎஸ்ஐ, இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது, ஆனா உங்க ஆராதனையிலயும் போதகர் ஐயர் உங்களைப் பார்த்துத்தானே சம்மதமான்னு கேப்பார், ஆன்ட்டியப் பார்த்து கேக்க மாட்டார்ல.

சும்மாவந்தவன்

எனக்கு ஒரே சந்தேகம்தான். இந்தத் தரிசனம் எல்லாம் எப்பவும் ஒரே சாதிக்குள்ளயே வருதே, அது எப்படி? பையன் மஸ்கட்டு, பொண்ணு வேலைக்குப் போகுது, ரெண்டு வீட்டுக்கும் சொந்த வீடு, எல்லாம் பார்த்துட்டுத்தான் தேவன் வெளிப்படுத்துறாரு போல. எங்க ஊர்ல இதுவரைக்கும் ஒரு தாய்க்குக் கூட "பக்கத்துத் தெரு காலனிப் பொண்ணை எடு"ன்னு வெளிப்பாடு வந்ததா நான் கேட்டதில்ல.

ரெஹொபோத்87

சும்மாவந்தவன் பிரதர், நக்கல் பண்றது ஈஸி. நான் பெந்தெகொஸ்தே சபை, எனக்கு இந்தப் பேச்சு கஷ்டமா இருக்கு, ஆனா நீங்க சாதி பத்தி சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல, அதையும் ஒத்துக்கிறேன்.

சிஸ்டர், கர்த்தர் இன்னைக்கும் பேசுறார்னு நான் முழுசா நம்புறேன். என் சொந்த வாழ்க்கையில பேசியிருக்கார். அதனால தரிசனம்னாலே பொய்னு யாராவது சொன்னா அதை எடுத்துக்காதீங்க. "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்"னு பவுல் எழுதின கையோட அடுத்த வரியிலயே "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்"னு எழுதியிருக்கார் (1 தெசலோனிக்கேயர் 5). நம்ம ஆளுங்க முதல் வரிய மட்டும் சுவத்துல ஒட்டி வச்சுப்பாங்க. 1 கொரிந்தியர் 14லயும் ரெண்டு மூணு பேர் பேசலாம், மத்தவங்க நிதானிக்கணும்னுதான் இருக்கு. அப்ப அந்த ஆன்ட்டி சொன்னதை நிதானிக்கிற உரிமை உங்களுக்கும் உங்க அப்பாவுக்கும் வேதமே கொடுத்திருக்கு, நீங்க ஒண்ணும் கலகம் பண்ணல.

எங்க பாஸ்டர் ஒண்ணு சொல்வாரு, கர்த்தர் பேசினார்னா ரெண்டு பக்கமும் பேசுவார், ஒரு வீட்டுல மட்டும் பேசிட்டு இன்னொரு வீட்டுக்கு மிரட்டல் அனுப்ப மாட்டார்னு. எனக்கு அந்தத் தரிசனத்தை விட "வாசல் அடைபடும்"னு சொன்னாங்க பாருங்க, அதுதான் உறுத்துது. மஞ்சள் சேலைய அவங்க உண்மையிலயே கனவுல கண்டிருக்கலாம், டிபியில பார்த்தது கனவுல வந்திருக்கலாம், அது மனுஷ மனசு. அதோட சாபத்தை ஒட்டினது மனுஷ வேலை.

பழையவாத்தியார்

தாயி, நான் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன், தமிழாசிரியரா இருந்து ஓய்வு பெற்றவன், அதனால முதல்ல சொல்லையே பிடிச்சுக்கிறேன், வழக்கம்போல இழுப்பேன், பொறுத்துக்கோ.

"வீணிலே வழங்காதிருப்பாயாக"ன்னு நம்ம பழைய தமிழ் மொழிபெயர்ப்பு வேதாகமத்துல இருக்கு இல்லையா. இன்னைக்கு வழங்குறதுன்னா பரிசு வழங்குறது, சான்றிதழ் வழங்குறதுன்னு ஆகிப்போச்சு. பழைய தமிழ்ல அது புழங்குறது, பயன்படுத்துறது. உலக வழக்கு, பேச்சு வழக்கு, "ஊர்ல வழங்குற பேரு" எல்லாம் அந்த வேர்தான். ஆக கட்டளை வாயால உச்சரிக்கிறதை மட்டும் சொல்லல, அந்தப் பேரை வச்சு நீ என்ன காரியம் நடத்துறேங்குறதைச் சொல்லுது. எபிரெயத்துல அந்த இடத்துல இருக்கிற வினைச்சொல்லுக்கு தூக்குறது, சுமக்கிறதுன்னு அர்த்தம். "வீண்"ங்குற இடத்துல இருக்கிற ஷாவ்ங்குற சொல்லுக்கு வெறுமைன்னும் அர்த்தம் உண்டு, பொய்ன்னும் உண்டு, உபாகமம் 5:20ல பொய்ச்சாட்சிக்கு அதே சொல்தான் வருது. அப்ப கர்த்தர் பேரைப் பொய்க்கு மேல தூக்கி வைக்காதேன்னு படிச்சாலும் தப்பில்ல.

யூதர்கள் கர்த்தரோட அந்த நாலெழுத்து எபிரெயப் பேரை வாயிலேயே எடுக்கிறதில்ல, படிக்கும்போது அதோனாய்ன்னு மாத்திப் படிப்பாங்க, பேச்சுல "ஹாஷேம்", அதாவது அந்தப் பேருன்னு மட்டும் சொல்லுவாங்க. நாம லாரி நெத்தியில எழுதுறோம். எழுதட்டும், அந்த லாரியில ஏத்துற மணலுக்கு பர்மிட் இருந்தா சரி.

எங்க சபைக்கு மூலவரான மார்ட்டின் லுத்தர் 1529ல எழுதின சின்ன ஞானோபதேசம்ங்குற பாடப் புத்தகத்துல இந்தக் கட்டளைக்கு விளக்கம் சொல்லும்போது, அவர் நாமத்தைக்கொண்டு சபிக்காதே, ஆணையிடாதே, மாந்திரீகம் பண்ணாதே, பொய் சொல்லாதே, ஏமாத்தாதேன்னு அடுக்கிட்டு, ஆபத்துல எல்லாம் அந்த நாமத்தைக் கூப்பிடுன்னு முடிப்பார். திடப்படுத்தல் வகுப்புல மனப்பாடம் பண்ணச் சொல்லி காதைத் திருகினாங்க, இன்னும் மறக்கல. பாரு, போன் விழுந்தா கூப்பிடுறது அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்துல போகும். கீழ்ப்படியலன்னா வாசல் அடைபடும்ங்குறது முதல் வார்த்தைக்கே போயிரும்.

இப்ப 1 இராஜாக்கள் 13ம் அதிகாரத்தை எடுத்து அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டு. யூதாவுல இருந்து வந்த தேவனுடைய மனுஷன்கிட்ட, இங்க சாப்பிடாதே, தண்ணி குடிக்காதேன்னு கர்த்தர் நேராச் சொல்லியிருப்பார். பெத்தேல்ல இருந்த கிழவன் தீர்க்கதரிசி ஒருத்தன் வந்து, ஒரு தூதன் கர்த்தருடைய வார்த்தையா என்கிட்ட பேசினான், நீ என் வீட்டுக்கு வந்து சாப்பிடுன்னு கூப்பிடுறான். வேதமே அங்க "பொய் சொன்னான்"னு எழுதியிருக்கு. இவன் நம்பிப் போனான், திரும்புற வழியில சிங்கம் கொன்னுருச்சு. கர்த்தர் சொன்னார்னு எவனோ சொன்னதுக்குக் கீழ்ப்படிஞ்சவன்தான்மா அங்க செத்தவன். உங்க அம்மா பயப்படணும்னா இந்தப் பக்கமும் கொஞ்சம் பயப்படட்டும்.

கிணறுன்னு சொன்னியே, அதுக்கும் ஒரு இடம் இருக்கு. ஆதியாகமம் 24. ஆபிரகாமோட ஊழியக்காரன் கிணத்தடியில ஜெபம் பண்ணி, ரெபெக்காள் குடத்தோட வந்து, எல்லாம் அப்படியே நடந்தது. லாபானும் பெத்துவேலும் "இந்தக் காரியம் கர்த்தரால் வந்தது"ன்னு ஒத்துக்கிட்டாங்க. அதுக்கு அப்புறமும், கேளு, அடுத்த நாள் காலையில "பெண்ணை அழைத்து, அவள் வாய்ப்பிறப்பைக் கேட்போம்"னு கூப்பிட்டு, நீ இந்த மனுஷனோட போறியான்னு கேட்டாங்க. அவள் போறேன்னா. கர்த்தரால வந்ததுன்னு முடிவான சம்பந்தத்துலயே பொண்ணு வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. இதுல உன் வாய்ப்பிறப்பை எவன் கேட்டான்?

நெல்லைப்பொண்ணு

வாத்தியார் தாத்தா, அந்த அதிகாரத்தை எத்தனை கல்யாண பிரசங்கத்துல கேட்டிருக்கேன், ஒட்டகத்துக்கு தண்ணி ஊத்துனது வரைக்கும்தான் சொல்லுவாங்க, "வாய்ப்பிறப்பு"ங்குற வார்த்தையே இப்பதான் கண்ணுல படுது. ரெஹொபோத் அண்ணன், நீங்க எழுதினதைத்தான் அம்மாகிட்ட முதல்ல காட்டப்போறேன், மத்தவங்க சொன்னா "அவங்களுக்கு ஆவியானவரைத் தெரியாது"ன்னுருவாங்க 😅

ரெஹொபோத்87

காட்டுங்க சிஸ்டர். கூடவே உபாகமம் 18:22ம் காட்டுங்க, சொன்னது நடக்கலன்னா அந்தத் தீர்க்கதரிசி துணிகரத்தினால சொன்னான், "அவனுக்கு நீ பயப்படவேண்டாம்"னு முடியும். அம்மாவுக்குத் தேவையானது அந்தக் கடைசி மூணு வார்த்தைதான்.

சும்மாவந்தவன்

நான் எழுதினதை மட்டும் காட்டிராதீங்க.

நெல்லைப்பொண்ணு (பத்து நாள் கழிச்சு)

என்னாச்சுன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. அப்பாவே அந்த வீட்டுக்கு போன் போட்டு, ரொம்ப மரியாதையா, ஆதியாகமம் 24 வாசிச்சோம், ரெபெக்காள்கிட்ட கேட்ட மாதிரி எங்க பொண்ணுகிட்டயும் கேட்டோம், அவளுக்கு விருப்பம் இல்லன்னு சொன்னாங்க. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "சரி அண்ணாச்சி, நாங்க இன்னொரு தடவ ஜெபிச்சுப் பாக்குறோம்"னு வச்சுட்டாங்க.

அம்மா வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் போறதை நிறுத்தல, நானும் நிறுத்தச் சொல்லல. எங்கிட்ட பேச்சு இன்னும் பாதிதான், காபி மட்டும் டேபிள்ல வந்துருது. நேத்து அடுப்படி நிலையில கால் விரலை இடிச்சுக்கிட்டு "யேசுவே!"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துனாங்க. நான் ஐஸ் எடுத்துட்டுப் போய்க் கொடுத்தேன், ஒண்ணும் சொல்லல.