சொந்த மேக் டிரைவரில் எஸ்எஃப்பி கூண்டு: ஈஈப்ராமை டிரைவரே படிக்கணுமா?

மின்தறி கேட்டது:

ஏஆர்எம்64 பலகை, லினக்ஸ் 6.6. மேக் (ஈத்தர்நெட் கட்டுப்படுத்தி) எஃப்பிஜிஏவுக்குள் (நாமே நிரலாக்கும் சிப்) இருக்கிறது, டிரைவரும் நாங்கள் எழுதியதுதான். செர்டெஸ் (மாட்யூலோடு பேசும் அதிவேக சீரியல் பகுதி) 1.25, 3.125 கிகாபாட் இரண்டிலும் ஓடும். இதுவரை டிவைஸ் ட்ரீயில் (கெர்னலுக்கான வன்பொருள் விவரக் கோப்பு) ஃபிக்ஸ்டு-லிங்க் (மாறாத இணைப்பு) போட்டு ஒரே ஒரு 1000பேஸ்-எஸ்எக்ஸ் மாட்யூலை வைத்து ஓட்டினோம். இனி எஸ்எஃப்பி கூண்டில் (ஒளி, காப்பர் மாட்யூல்களைக் கழற்றி மாற்றும் இடம்) எந்த மாட்யூலைச் செருகினாலும் வேலை செய்யணும்.

இப்போதைய நிலை: மாட்யூலையே பிடுங்கினாலும் லிங்க் 'அப்' என்றுதான் காட்டுகிறது. ஆர்ஜே45 காப்பர் மாட்யூல் போட்டால் ஒரு பாக்கெட்கூட வருவதில்லை. ஐ2சி வழியே ஈஈப்ராமை (மாட்யூலின் அடையாள விவரம் உள்ள நினைவகம்) படித்து, மாட்யூல் வகையைப் பார்த்து செர்டெஸை மாற்றும் கோடை டிரைவருக்குள் எழுத ஆரம்பித்திருக்கிறேன். இந்த வழி சரிதானா?

ஒளிவழி எழுதியது:

அந்தக் கோடை இப்போதே நிறுத்திவிடுங்கள். மாட்யூலைப் படிப்பது, லேசரை இயக்குவது, வகையைக் கண்டுபிடிப்பது எல்லாம் 4.14-இலிருந்தே கெர்னலின் எஸ்எஃப்பி, ஃபைலிங்க் (மேக்குக்கும் மாட்யூலுக்கும் நடுவே லிங்க்கை நிர்வகிப்பது) பகுதிகளில் இருக்கின்றன. உங்கள் டிரைவருக்கு ஒரே கடமை: மேக்கால் என்ன முடியும் என்பதை ஃபைலிங்க்கிடம் உள்ளபடி சொல்வது.

முதலில் டிவைஸ் ட்ரீ. கூண்டுக்குத் தனிக் கணு, அதில் கம்பாட்டிபிள் 'எஸ்எஃப்எஃப்,எஸ்எஃப்பி'. ஐ2சி-பஸ்ஸையும் நான்கு ஜிபிஐஓக்களையும் குறிப்பிடுங்கள்: மாட்-டெஃப்0 (மாட்யூல் இருக்கிறதா), எல்ஓஎஸ் (சிக்னல் வரவில்லை), டிஎக்ஸ்-ஃபால்ட் (லேசர் பழுது), டிஎக்ஸ்-டிசேபிள் (லேசரை அணை). இவற்றில் மாட்-டெஃப்0 மட்டும் ஆக்டிவ் லோ (மாட்யூல் அந்தக் காலைத் தரையோடு இணைக்கிறது), மற்ற மூன்றும் ஆக்டிவ் ஹை. இதைத் தலைகீழாகப் போட்டால் காலிக் கூண்டில் மாட்யூல் இருப்பதாக நினைத்து ஈஈப்ராமைப் படிக்கப் போய் ஐ2சி பிழையாகக் கொட்டும். மாட்-டெஃப்0, எல்ஓஎஸ், டிஎக்ஸ்-ஃபால்ட் மூன்றுக்கும் பலகையில் புல்-அப் இருக்கணும், 4.7 முதல் 10 கிலோ ஓம். டிஎக்ஸ்-டிசேபிளுக்குப் புல்-அப் மாட்யூலுக்குள்ளேயே உண்டு. அதனால் அந்தக் காலை யாரும் கீழே இழுக்காவிட்டால் லேசர் அணைந்தேதான் கிடக்கும். 'ரிசீவ் வருகிறது, எதிர்முனைக்கு மட்டும் ஒளி போகவில்லை' என்றால் முதலில் அங்கே மீட்டர் வையுங்கள்.

ஈத்தர்நெட் கணுவில் ஃபிக்ஸ்டு-லிங்க்கை நீக்கிவிட்டு 'எஸ்எஃப்பி' சுட்டியையும் 'மேனேஜ்டு = இன்-பேண்ட்-ஸ்டேட்டஸ்' வரியையும் (லிங்க் நிலையை அதே சீரியல் வழியிலேயே அறிவது) சேருங்கள். இன்-பேண்ட்டும் ஃபிக்ஸ்டு-லிங்க்கும் சேர்ந்திருந்தால் ஃபைலிங்க்_கிரியேட் பிழையோடு திரும்பிவிடும்.

டிரைவரில் மேக்_கேப்பபிலிட்டீஸில் 10, 100, 1000, 2500 வேகங்களையும் பாஸையும் (எதிர்முனையைச் சற்று நிறுத்தச் சொல்லும் வசதி) போடுங்கள். சப்போர்ட்டட்_இன்டர்ஃபேசஸில் எஸ்ஜிஎம்ஐஐ, 1000பேஸ்-எக்ஸ், 2500பேஸ்-எக்ஸ் என்ற மூன்று இணைப்பு முறைகளுக்கும் பிட் வையுங்கள். அதைக் காலியாக விட்டால் 6.6 ஏற்காது. மாட்யூலுக்குத் தேவையான முறை அதில் இல்லையென்றால் 'அன்சப்போர்ட்டட் எஸ்எஃப்பி மாட்யூல்' என்று டிமெசேஜில் (கெர்னல் செய்திப் பதிவு) வரும். மாட்யூல் கெட்டுவிட்டது என்று பலர் தூக்கிப் போடுவது இந்த வரியைப் பார்த்துத்தான். பெரும்பாலும் விடுபட்டிருப்பது டிரைவரில் ஒரு பிட்.

பலர் தவறும் இடம் மேக்_கான்ஃபிக். அங்கே முறையை மட்டும் மாற்றுங்கள், வேகத்தையும் டூப்ளெக்ஸையும் தொடாதீர்கள். அவை மேக்_லிங்க்_அப்பில்தான் கைக்கு வரும். பிசிஎஸ்ஸுக்கு (மேக்குக்கும் செர்டெஸுக்கும் நடுவே குறியீட்டைக் கையாளும் பகுதி) இன்டரப்ட் இல்லையென்றால் பிசிஎஸ் கட்டமைப்பில் 'போல்' கொடியை ட்ரூ ஆக்குங்கள், ஃபைலிங்க் நொடிக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளும்.

கம்பிவடம் எழுதியது:

காப்பர் மாட்யூலைப் பற்றிச் சேர்க்கிறேன். அதற்குள் ஒரு ஃபை சிப் (காப்பர் கம்பியில் சிக்னலை அனுப்பி வாங்குவது) இருக்கும், பெரும்பாலும் மார்வெல் 88ஈ1111. ஈஈப்ராம் ஐ2சி முகவரி ஹெக்ஸ் 50, வெப்பம், ஒளி அளவு போன்றவை ஹெக்ஸ் 51, இந்த ஃபை ஹெக்ஸ் 56. எம்டிஐஓ-ஐ2சி பாலம் வழியே கெர்னல் அதோடு பேசும். மார்வெல் ஃபை டிரைவரைக் கட்டாயம் சேருங்கள், இல்லையென்றால் ஃபைக்கு டிரைவர் இல்லை என்று சொல்லி மாட்யூலை மறுத்துவிடும்.

அடுத்து எஸ்ஜிஎம்ஐஐ. கம்பியில் வேகம் 1000பேஸ்-எக்ஸ் போலவே 1.25 கிகாபாட்தான், ஆனால் இரு முனைகளும் பரிமாறும் 16 பிட் கட்டுப்பாட்டுச் சொல்லின் பொருள் வேறு. எஸ்ஜிஎம்ஐஐயில் பிட் 15 லிங்க், 12 டூப்ளெக்ஸ், 11-10 வேகம் (10 என்றால் 1000, 01 என்றால் 100, 00 என்றால் 10). 1000பேஸ்-எக்ஸில் பிட் 5 ஃபுல் டூப்ளெக்ஸ், 7-8 பாஸ். உங்கள் பிசிஎஸ் இரண்டாவதை மட்டும் தெரிந்துகொண்டு எழுதப்பட்டிருந்தால் காப்பர் ஓடாது. பதிவேடுகள் கிளாஸ் 22 வடிவில் இருந்தால், இரண்டையும் பிரித்துத் தரும் துணைச் சார்பு ஃபைலிங்க்கிலேயே உண்டு. நீங்களே எழுத வேண்டாம்.

1000-இல் ஓடி, 100-இல் மட்டும் குப்பை வந்தால் எஃப்பிஜிஏ பக்கம் பாருங்கள். 100-இல் ஒவ்வொரு பைட்டும் 10 முறை, 10-இல் 100 முறை திரும்ப வரும். அதை மேக் குறைத்தாகணும்.

மின்தறி எழுதியது:

நன்றி. எஸ்எக்ஸ், காப்பர் இரண்டும் செருகினால் வருகின்றன, பிடுங்கினால் போகின்றன. 100-இல் நீங்கள் சொன்ன அதே சிக்கல்தான், எஃப்பிஜிஏவில் சரிசெய்தாயிற்று. மிச்சம் ஒரு ஜிபான் குச்சி (ஃபைபர் இணைய இணைப்புக்கான எஸ்எஃப்பி மாட்யூல்): செருகிய சில நொடிகளில் 'மாட்யூல் பெர்சிஸ்டன்ட்லி இண்டிகேட்ஸ் ஃபால்ட், டிசேபிளிங்' என்று அணைத்துவிடுகிறது. குவர்க் (அந்த மாட்யூலுக்கு மட்டுமான விதிவிலக்கு) எழுதணுமா?

ஒளிவழி எழுதியது:

எழுத வேண்டியிருக்கலாம், ஆனால் அது கடைசிப் படி. டீபக்எஃப்எஸ்ஸில் கூண்டின் அடைவுக்குள் 'ஸ்டேட்' கோப்பைத் திறந்தால் நான்கு கால்களின் நிலையும் தெரியும். மாட்யூல் இல்லாதபோதும் டிஎக்ஸ்-ஃபால்ட் 1 என்றால் அது புல்-அப்பின் இயல்பு, கவலை வேண்டாம். மாட்யூல் உள்ளே இருந்து, முழுதும் பூட் ஆன பிறகும் அது 1 ஆகவோ துடித்துக்கொண்டோ இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்தக் குச்சிகள் தனி லினக்ஸ் ஓடும் குட்டிக் கணினிகள். சிலவற்றில் டிஎக்ஸ்-ஃபால்ட் காலையே சீரியல் கன்சோலாக எடுத்துக்கொள்கிறார்கள். பூட் செய்திகள் ஓடும்போது கெர்னலுக்கு அது லேசர் பழுதாகத் தெரியும். ஐந்து முறை மீட்க முயன்று, பிறகு கைவிட்டுவிடும். ஆசிலோஸ்கோப்பை அந்தக் காலில் வைத்தால் 115200 வேகத்தில் எழுத்துகள் ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மின்சாரத்தையும் பாருங்கள். டிவைஸ் ட்ரீயில் அதிகபட்ச மில்லிவாட் சொல்லாவிட்டால் 1000 என்றே கெர்னல் எடுத்துக்கொள்ளும். 1.5 வாட் மாட்யூலுக்கு 3.3 வோல்ட்டில் சுமார் 455 மில்லியாம்ப் வேண்டும். பலகை உண்மையிலேயே அதைத் தாங்கினால் மட்டும் 1500 என்று எழுதுங்கள்.

இவை முடிந்தும் தேவைப்பட்டால் எஸ்எஃப்பி.சி கோப்பின் குவர்க் அட்டவணையில் ஒரு வரி. ஹுவாவே எம்ஏ5671ஏ வரியை மாதிரியாகப் பாருங்கள்: அது டிஎக்ஸ்-ஃபால்ட்டைப் புறக்கணிக்கச் சொல்கிறது, கூடவே 2500பேஸ்-எக்ஸையும் அனுமதிக்கிறது, ஏனென்றால் ஈஈப்ராம் 1.2 கிகாபாட் என்று மட்டும்தான் சொல்கிறது. பொருத்துவது தயாரிப்பாளர் பெயர் (பைட் 20 முதல் 35), பாகஎண் (40 முதல் 55) இரண்டையும் வைத்து. வால் இடைவெளிகளைக் கெர்னல் வெட்டிவிடும், எழுத்து பெரிதா சிறிதா என்பது அப்படியே பொருந்தணும். ஈத்டூலில் மாட்யூல் விவரத்தை ஹெக்ஸில் எடுத்து அதிலிருந்து நகலெடுங்கள், மேலே ஒட்டிய லேபிளைப் பார்த்துத் தட்டாதீர்கள். பெயர் வெறும் 'ஓஈஎம்' என்றிருந்தால் பாகஎண்ணை இன்னும் கவனமாகப் பாருங்கள், அந்தப் பெயரில் உள்ளுக்குள் முற்றிலும் வேறான மாட்யூல்கள் விற்கின்றன.